வெளிநாட்டு ஊழியத்தில் அன்றாட வாழ்வும் நோயும்: வடசென்னைச் சபைகளிலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர், எண்ணூர் பக்கத்துச் சபைகளிலிருந்து மிஷனெரிகளாகக் கிளம்புகிறவர்களும் அவர்களை வழியனுப்பிவிட்டு வீட்டில் காத்திருப்பவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. மலாவி, மொசாம்பிக், தான்சானியா, உகாண்டா ஆகிய நாடுகளை மனதில் வைத்தே பதில்கள் எழுதப்பட்டுள்ளன. மருந்துகளின் அளவு அங்கங்கே சொல்லியிருக்கிறோம். உங்கள் எடை, வயது, ஏற்கெனவே உள்ள நோய் இவற்றைப் பார்த்து மருத்துவர் எழுதித் தருவதுதான் உங்களுக்கான அளவு.

கர்த்தர் அனுப்புகிறார் என்றால் அவரே காப்பார். தடுப்பு மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு ஆகாதா?

ஆகாது. பவுலோடு ஊழியம் செய்த எப்பாப்பிரோதீத்து சாகும் அளவுக்கு வியாதிப்பட்டார் என்று பிலிப்பியர் நிருபம் மறைக்காமல் சொல்கிறது. துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியோடு விட்டுவிட்டுத்தான் பவுல் பயணத்தைத் தொடர்ந்தார். தீமோத்தேயுவின் வயிற்றுக்கு அவரே கைவைத்தியம் எழுதி அனுப்பினார். அந்த ஊழியர்களின் நோயைப் பவுல் தம் நிருபங்களில் வெளிப்படையாக எழுதினார். யாருடைய விசுவாசத்தையும் அவர் எடைபோடவில்லை.

பணித்தளத்தில் ஆபத்தை உண்டாக்குவது பெரும்பாலும் நோயை மறைப்பதுதான். “சபை என்ன நினைக்கும்”, “காணிக்கை கொடுக்கிறவர்கள் சோர்ந்துபோவார்கள்” என்று இரண்டு நாள் காய்ச்சலைச் சொல்லாமல் இருப்பது ஆப்பிரிக்காவில் உயிர் போகும் காரியம். கீழே உள்ள பதில்கள் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

எத்தனை மாதத்துக்கு முன் தயாராக வேண்டும்? என்னென்ன ஊசி?

ஆறு மாதம் முன்பே ஆரம்பியுங்கள். ஹெப்பாடைட்டிஸ் பி ஊசி 0, 1, 6 மாதம் என்று மூன்று முறை போட வேண்டும் என்பதே இந்த அவகாசத்துக்கு முதல் காரணம். டைபாய்டு கான்ஜுகேட் ஊசி ஒரு தவணை போதும். டெட்டனஸ் பூஸ்டர் போட்டுப் பத்து வருடம் ஆகியிருந்தால் மறுபடி போடுங்கள். நாய் அதிகமாகத் திரியும் கிராமம் என்றால் வெறிநாய்க்கடி ஊசியை முன்கூட்டியே 0, 7 ஆகிய நாட்களில் இரண்டு தவணை போட்டுக்கொள்வது நல்லது. போட்டிருந்தாலும், கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும், மீண்டும் இரண்டு ஊசி போட வேண்டும். ஆனால் உடனடி எதிர்ப்புச் சக்தி தரும், உட்கிராமத்தில் கிடைக்கவே கிடைக்காத இம்யூனோகுளோபுலின் ஊசி தேவைப்படாது.

பல் மருத்துவரிடம் போவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சொத்தைப் பல்லை இங்கேயே அடைத்துவிட்டுப் போங்கள். மார்பு எக்ஸ்ரே எடுத்துப் படத்தையும் கையோடு கொண்டுபோங்கள். பின்னால் இருமல் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி எங்கே போடுகிறார்கள்?

எல்லா மருத்துவமனையிலும் போட மாட்டார்கள், அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டும் ராஜாஜி சாலையில் உள்ள துறைமுகச் சுகாதார அலுவலகமும் அப்படிப்பட்டவை. நமக்குப் பக்கம் ராஜாஜி சாலைதான். குறிப்பிட்ட நாட்களில் மட்டும் போடுவதால் முன்பே பதிவு செய்துவிட்டு, அசல் பாஸ்போர்ட்டோடு போங்கள். ஊசி போட்டதற்குச் சான்றாகத் தரும் மஞ்சள் அட்டையில் பாஸ்போர்ட் எண்ணும் பெயரின் எழுத்தும் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள்.

ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்று செல்லும். 2016 ஜூலை முதல் ஒரே ஊசி ஆயுள் முழுவதுக்கும் போதும். முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்கள், 60 வயதைத் தாண்டியவர்கள் முதலில் மருத்துவரிடம் பேச வேண்டும். உகாண்டா, கென்யா, நைஜீரியா, காங்கோ போன்ற, மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் உள்ள நாடுகளிலிருந்து அட்டை இல்லாமல் திரும்பினால் இந்தியாவில் இறங்கியதும் 6 நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். போகும் நாடு அந்தப் பட்டியலில் இல்லாவிட்டாலும் வழியில் எந்த ஊரில் விமானம் மாறுகிறீர்கள் என்று பாருங்கள்.

நாங்க வியாசர்பாடி கால்வாய் ஓரம் கொசுக்கடியிலயே வளர்ந்தவங்க. மலேரியாவும் வந்து போயிருக்கு. எங்களுக்கு எதுக்குத் தடுப்பு மாத்திரை?

இந்த நம்பிக்கைதான் நம் பக்கத்து ஆட்களுக்கு மிகப் பெரிய ஆபத்து. சென்னையில் வந்த மலேரியா பெரும்பாலும் வைவாக்ஸ் வகை. குளிரும் காய்ச்சலும் ஆட்டிவைக்கும், உயிரை எடுப்பது அபூர்வம். ஆப்பிரிக்காவில் பரவுவது பால்சிபாரம் வகை. அந்தக் கிருமி புகுந்த ரத்த அணுக்கள் மூளை, சிறுநீரகம் ஆகியவற்றின் சின்ன ரத்தக் குழாய்களில் ஒட்டிக்கொண்டு அடைத்துவிடும். முதல் நாள் தலைவலி, மூன்றாம் நாள் நினைவிழப்பு என்று போகக்கூடியது. வைவாக்ஸ் வந்துபோன உடம்பு பால்சிபாரத்தைத் தடுக்காது. அங்கே பிறந்து வளர்ந்த பெரியவர்களுக்கு அடிக்கடி தொற்றி ஓரளவு எதிர்ப்பு வந்திருக்கும். அவர்கள் காய்ச்சலோடு வயலுக்குப் போவதைப் பார்த்து நீங்களும் பொறுத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள்.

கொசுவும் வேறு. நம் ஊர் மலேரியாக் கொசு மாடித் தொட்டியிலும் கிணற்றிலும் முட்டையிடும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி. அங்குள்ள முக்கியக் கொசு மழைக் குட்டையில் பெருகி, ஊர் அடங்கிய பிறகு கடிக்கும். (நம் ஸ்டீபன்சியும் 2012இல் ஜிபூட்டியில் கண்டுபிடிக்கப்பட்டு, எத்தியோப்பியா, கென்யா, நைஜீரியா வரை பரவிவிட்டது. எனவே அங்கேயும் தண்ணீர்த் தொட்டியை மூடியே வையுங்கள்.)

மருந்தூட்டிய கொசுவலை கட்டாயம். ஓரங்களை மெத்தைக்கு அடியில் நன்றாகச் செருகுங்கள். கையோ காலோ வலையில் பட்டுக்கொண்டிருந்தால் வெளியிலிருந்தே கடிக்கும். மென்மையான சோப்பில் அலசி நிழலில் காயவையுங்கள், வெயிலில் போட்டால் மருந்து வீணாகும். ஏறக்குறைய 20 சலவை அல்லது 3 வருடம் வரை தாங்கும்.

எந்த மாத்திரை?

மூன்று உண்டு. அட்டோவாகோன்-புரோகுவானில்: தினம் ஒன்று, கிளம்புவதற்கு ஓரிரு நாள் முன் தொடங்கி, அந்தப் பகுதியை விட்டு வந்து 7 நாள் வரை. விலை அதிகம். நம் மருந்துக் கடைகளில் சட்டென்று கிடைக்காது, முன்பே சொல்லிவைக்க வேண்டும்.

டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம்: தினம் ஒன்று, ஓரிரு நாள் முன் தொடங்கி, திரும்பிய பிறகும் 4 வாரம். விலை குறைவு என்பதால் பலர் இதையே எடுக்கிறார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். படுக்கைக்குப் போகும்போது வாயில் போட்டால் உணவுக்குழாய் புண்ணாகி எச்சில் விழுங்கவே வலிக்கும். வெயில் பட்டால் தோல் எரியும், தொப்பியும் முழுக்கைச் சட்டையும் வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் 8 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கும் கூடாது.

மெப்ளோகுவின்: வாரம் ஒன்று, இரண்டு மூன்று வாரம் முன்பே தொடங்க வேண்டும். கெட்ட கனவு, மனச்சோர்வு, பதற்றம் சிலருக்கு வரும். வலிப்போ மனநலச் சிக்கலோ இருந்தவர்களுக்கு இது வேண்டாம்.

குளோரோகுவின் அங்கே பலிக்காது. வீட்டில் மீந்த பட்டையை எடுத்துப்போவதில் பயனில்லை.

நீண்ட நாள் தங்குகிறவர்கள், “ஒன்றும் வரவில்லையே” என்று மூன்றாம் மாதமே மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். ஒன்றும் வராததற்கு அந்த மாத்திரைதான் காரணம். வருடக்கணக்கில் எடுக்க முடியாது என்றால் மழைக்காலத்துக்கு மட்டுமாவது எடுப்பது பற்றி மருத்துவரிடம் பேசி முடிவு செய்யுங்கள்.

அங்கே காய்ச்சல் வந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

மலேரியா இல்லை என்று நிரூபணமாகும் வரை அதை மலேரியா என்றே நடத்துங்கள். அன்றே ரத்தம் பார்க்க வேண்டும். “ஜெபித்துவிட்டு நாளைக்குப் பார்க்கலாம்” என்றால் ஜெபித்துக்கொண்டே வண்டி ஏறுங்கள்.

மருத்துவமனை தூரமென்றால் விரல் நுனி ரத்தத்தில் பார்க்கும் அட்டைப் பரிசோதனைப் பெட்டி வீட்டில் இருக்கட்டும். ஜன்னல் ஓரத்திலோ வண்டியிலோ வைத்தால் சூட்டில் கெட்டுவிடும். காலாவதித் தேதியைப் பாருங்கள். கோடு விழுந்திருக்கிறதா என்று உறையில் எழுதியுள்ள நிமிடம் ஆன பிறகே பாருங்கள். முன்கூட்டிப் பார்த்தால் மங்கலான கோடு தவறிவிடும். ஒருமுறை இல்லை என்று வந்தால் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், காய்ச்சல் தொடர்ந்தால் 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மறுபடி பாருங்கள். குணமான பிறகும் சில வாரம் இந்த அட்டை பாசிடிவ் காட்டலாம். அப்போது கண்ணாடித் தகட்டில் ரத்தம் தடவிப் பார்க்கும் சோதனைதான் நம்பகமானது.

சிக்கலில்லாத மலேரியாவுக்கு அங்கே முதலில் தருவது ஆர்டிமெதர்-லூமிபான்ட்ரின். 35 கிலோவுக்கு மேல் உள்ள பெரியவர்களுக்கு வேளைக்கு 4 மாத்திரை. முதல் வேளை, 8 மணி நேரம் கழித்து இரண்டாவது, அடுத்த இரண்டு நாளும் காலையும் மாலையும். மொத்தம் 24 மாத்திரை. பால், கடலை, முட்டை என்று கொழுப்புள்ள எதையாவது கூடச் சாப்பிட வேண்டும். வெறும் கஞ்சியோடு எடுத்தால் மருந்து உடம்பில் சரியாக ஏறாது. சிலருக்கு மறுபடியும் காய்ச்சல் வருவதற்கு இது ஒரு காரணம். விழுங்கிய ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அந்த வேளையைத் திரும்ப எடுக்க வேண்டும். இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டதும் மீதியை எடுத்துவைக்காதீர்கள்.

பேச்சுக் குழறல், வலிப்பு, கண் மஞ்சள், கறுத்த சிறுநீர், மூச்சுத் திணறல், விடாத வாந்தி, எழுந்து நிற்க முடியாமை: இவற்றில் எது வந்தாலும் மாத்திரையை நம்பி வீட்டில் இருக்கக் கூடாது. முற்றிய மலேரியாவுக்கான ஆர்டிசுனேட் ஊசி போடும் மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். அது எங்கே, எவ்வளவு தூரம், இரவில் யார் வண்டி எடுப்பார் என்பதை ஊருக்குப் போய்ச் சேர்ந்த முதல் வாரமே விசாரித்து, சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

வைடால் சோதனையில் “டைபாய்டு இருக்கிறது” என்று வந்தால் மலேரியா இல்லை என்று அர்த்தமில்லை. அந்தச் சோதனை அடிக்கடி தவறாகக் காட்டும். உடம்புச் சூட்டைக் குறைக்கப் பாராசிட்டமால் போதும். டெங்கு இல்லை என்று தெரியும் வரை ஆஸ்பிரின், புரூபன் வேண்டாம்.

குடிதண்ணீர், வயிற்றுப்போக்கு?

கேன் தண்ணீருக்குப் பழகியவர்கள் கொதிக்கவைக்கப் பழக வேண்டும். தளபுளவென்று கொதி வந்த பிறகு 1 நிமிடம் போதும். 2000 மீட்டருக்கு மேலான மலைப்பகுதியில் 3 நிமிடம். ஆறவைப்பதும் அதே பாத்திரத்தில், மூடியோடு. காய்ச்சிய தண்ணீரைக் கழுவாத குடத்தில் ஊற்றி, டம்ளரை உள்ளே விட்டு மொண்டால் பட்ட பாடு வீண்.

ஓஆர்எஸ் பொட்டலத்தில் 1 லிட்டருக்கு, 200 மில்லிக்கு என்று இரண்டு அளவு விற்கிறது. எந்த அளவென்று படித்துவிட்டுக் கலக்குங்கள். பெரிய பொட்டலத்தைச் சின்ன டம்ளரில் கரைத்தால் உப்பு ஏறிக் குழந்தைக்கு ஆபத்து. பொட்டலம் இல்லையென்றால் 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு இதோடு துத்தநாக மாத்திரை தினம் 20 மில்லிகிராம், 10 முதல் 14 நாள் வரை. மலத்தில் ரத்தமோ காய்ச்சலோ இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். போக்கை நிறுத்தும் மாத்திரையை அப்போது தொடாதீர்கள்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது? அரிசி, பருப்பு கிடைக்குமா?

கிடைக்கும். மலாவி, மொசாம்பிக், தான்சானியாவில் துவரை விளைகிறது. நம் கடையில் விற்கும் துவரம்பருப்பில் ஒரு பங்கு அங்கிருந்து கப்பலில் வந்ததுதான். தக்காளி, வெங்காயம், மரவள்ளி, கடலை, பூசணிக் கீரை எல்லாம் சந்தையில் உண்டு. கிழக்கு ஆப்பிரிக்காவில் புளியும் கிடைக்கும். மலாவி ஏரியில் பிடித்துக் காயவைக்கும் உசிபா, தான்சானியாவின் டகா ஆகிய சின்ன மீன்கள் காசிமேட்டு நெத்திலிக் கருவாட்டுக்குப் பழகிய வாய்க்கு ஒத்துப்போகும். பெட்டியில் பெருங்காயம், கடுகு, வெந்தயம், சாம்பார்த் தூள் போதும். பத்துக் கிலோ அரிசியைச் சுமக்க வேண்டாம், அந்த எடையில் மருந்து வையுங்கள்.

ஊர் மக்கள் தினமும் உண்பது மக்காச்சோள மாவுக் களி. அவர்கள் வீட்டில் கொடுத்தால் கைகழுவி உட்கார்ந்து சாப்பிடுங்கள். மறுப்பது மனவருத்தம் தரும். சூடாகக் கிண்டியது என்பதால் வயிற்றுக்கும் பாதுகாப்பு.

இரண்டு எச்சரிக்கை. பூஞ்சை பிடித்த கடலையையும் சோளத்தையும் வறுத்தாலும் நஞ்சு போகாது. ஈரலைக் கெடுக்கும் அப்லாடாக்சின் சூட்டுக்கு மசியாது, அப்படியே கொட்டிவிடுங்கள். கசப்பு மரவள்ளியில் சயனைடு உண்டு. தோலுரித்து, மூன்று நாலு நாள் ஊறப்போட்டு, காயவைத்து மாவாக்கும் முறையை ஊர்ப் பெண்கள் அறிவார்கள். பஞ்ச காலத்தில் அந்த வேலையைச் சுருக்கினால் கால் முடங்கிப்போகும் நோய் வரும். நம் ஊர்க் கிழங்கு என்று நினைத்துப் பச்சையாகக் கடிக்காதீர்கள்.

எங்க பசங்க காசிமேட்டுக் கடல்ல நீந்தினவங்க. ஏரியில குளிக்கலாமா?

வேண்டாம். மலாவி ஏரி, விக்டோரியா ஏரி இரண்டிலும் நத்தையிலிருந்து வெளிவரும் ஒரு புழு, தண்ணீரில் நிற்கும் சில நிமிடத்திலேயே தோல் வழியாக உள்ளே புகும். பில்ஹார்சியா என்பார்கள். வலிக்காது. மாதங்கள் கழித்து சிறுநீரில் ரத்தம், வயிற்று வலி, ஈரல் வீக்கம் என்று வரும். இந்தியாவில் இது அநேகமாக இல்லாததால் நம் ஊர் மருத்துவருக்கு உடனே நினைவுக்கு வராது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஞானஸ்நானம் கொடுக்க ஏரியில் இறங்கும் போதகர்களுக்கும் இது பொருந்தும்.

ஏரித் தண்ணீரைத்தான் குளிக்க எடுக்க வேண்டும் என்றால் மூடிய தொட்டியில் 48 மணி நேரம் வைத்திருந்து எடுங்கள். இறங்கிவிட்டீர்களா? கடைசியாக இறங்கி 6 முதல் 8 வாரம் கழித்துப் பரிசோதனை. அதற்கு முன் பார்த்தால் தெரியாமல் போகலாம். பிராசிகுவான்டெல் என்ற மாத்திரை குணப்படுத்தும்.

துணியை இஸ்திரி போடாமல் உடுத்தக் கூடாது என்கிறார்களே?

உண்மை. வெளியில் காயும் ஈரத்துணியில் டும்பு ஈ முட்டையிடும். புழு தோலுக்குள் போய் நடுவில் கரும்புள்ளியோடு கொப்புளமாகும். மின்சாரம் இல்லையென்றால் கரி இஸ்திரிப்பெட்டி. தையல் ஓரம், உள்ளாடை, குழந்தைத் துணி முக்கியம். கொப்புளத்தைப் பிதுக்காதீர்கள். வாசலினைத் தடித்துப் பூசி மூடினால் மூச்சுக்குப் புழு மேலே வரும், பிறகு எடுக்கலாம்.

சர்க்கரை, பிபி உள்ளவர்கள் போகலாமா?

கட்டுக்குள் இருந்தால் போகலாம். மூன்று மாத மருந்தைக் கைப்பையில், அசல் பட்டையோடு, மருந்தின் மூலப்பெயர் எழுதிய சீட்டோடு வையுங்கள். டிரமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவை பல நாடுகளில் தடை. இன்சுலினைச் சரக்குப் பெட்டியில் போட்டால் உறைந்துபோகும். உறைந்தது உருகினாலும் பயன்படாது. திறக்காத புட்டி 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும், பயன்பாட்டில் உள்ளது 30 டிகிரிக்குள் 28 நாள் தாங்கும். குளிர்பெட்டி இல்லாத இடத்தில் பெரிய மண்பானைக்குள் சின்னப் பானை வைத்து, நடுவில் ஈர மணல் நிரப்பி, நிழலில் காற்றோட்டமாக வையுங்கள். சர்க்கரை பார்க்கும் கருவிக்கான பட்டைகளை இங்கிருந்தே வாங்கிப்போங்கள். அங்கே அதே கம்பெனி கிடைப்பது கஷ்டம்.

மிஷன் மருத்துவமனையில் நர்சாகப் போகிறேன். ஊசி குத்திவிட்டால்?

சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள், பிதுக்க வேண்டாம். எச்ஐவி தடுப்பு மருந்தை முடிந்தால் முதல் சில மணி நேரத்தில், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் எடுக்க வேண்டும். வேலையில் சேரும் நாளே அந்த மருந்து எந்த அலமாரியில் இருக்கிறது, இரவில் சாவி யாரிடம் என்று கேட்டுவையுங்கள்.

கொசுவைவிடப் பயப்பட வேண்டியது ஏதாவது உண்டா?

சாலை. வாடகை பைக்கில் ஹெல்மெட் இல்லாமல் ஏறாதீர்கள், ஐஎஸ்ஐ முத்திரை உள்ளதை இங்கிருந்தே கொண்டுபோங்கள். இருட்டிய பிறகு ஊர் விட்டு ஊர் போக வேண்டாம். கூட்டம் நீண்டுவிட்டால் அங்கேயே படுத்துக்கொள்ளுங்கள்.

உடம்புக்கு ஒன்றுமில்லை, ஆனால் தூக்கம் வரவில்லை, ஜெபிக்கவும் மனசு வரவில்லை என்கிறான் தம்பி.

அதையும் காய்ச்சலைப் போலவே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் மெப்ளோகுவின் எடுக்கிறாரா என்று கேளுங்கள். ரத்தசோகை, தைராய்டும் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரிடம் காணொளியில் பேச ஏற்பாடு செய்யுங்கள். “உயிரோடு இருக்க வேண்டாம்” என்ற பேச்சு வந்தால் அன்றே யாராவது கூட இருக்க வேண்டும், திரும்பி வர டிக்கெட் போட வேண்டும். வாரத்தில் ஒரு முழுநாள் ஓய்வு என்பதைச் சபையே எழுத்தில் கொடுத்தால், ஊழியர் குற்ற உணர்ச்சி இல்லாமல் எடுப்பார். இங்கே இருக்கும் குடும்பத்தாருக்கு டெலி-மானஸ் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

அம்மாவுக்குச் சொல்லாமல் இருக்கலாமா? ஜெபக் குழுவில் போடலாமா?

அம்மாவுக்குச் சொல்லுங்கள். வேறு வழியாகத் தெரிந்தால் அடுத்த முறை “நல்லா இருக்கேன்” என்று நீங்கள் சொல்வதை அவர் நம்பவே மாட்டார். என்ன நோய், எங்கே வைத்தியம், அடுத்து எப்போது பேசுவேன் என்ற மூன்றும் போதும். மலாவி நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால், உகாண்டாவும் தான்சானியாவும் இரண்டரை மணி நேரம் பின்னால். இதைக் கணக்கிட்டு நேரம் குறித்தால் அவர் விடியும் வரை போனைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

வாட்ஸ்அப் ஜெபக் குழுவில் நோயின் பெயர், ரத்த அறிக்கை, படுக்கையில் எடுத்த படம் எதுவும் வேண்டாம். ஐந்து நிமிடத்தில் அது திருவொற்றியூரிலிருந்து திருநெல்வேலி வரை போய்விடும். போதகர், ஒரு மருத்துவர், வீட்டில் ஒருவர்: இந்த மூவருக்கு முழு விவரம். மற்றவர்களுக்கு, “உடல்நலத்துக்காக ஜெபியுங்கள்” என்பதே போதுமான குறிப்பு.

பணத்துக்கு?

இங்கிருந்து வங்கி வழியாக அனுப்ப ஏ2 படிவம் (வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் விண்ணப்பம்), சரிபார்ப்பு என்று நாட்கள் ஆகும். மருத்துவமனை முன்பணம் கேட்பது இரவு இரண்டு மணிக்கு. ஆகவே ஒரு தொகை அங்கேயே, தம்பதியர் இருவரும் எடுக்கக்கூடிய கணக்கில் இருக்க வேண்டும். காப்பீட்டில் விமானத்தில் அழைத்துவரும் செலவு, ஏற்கெனவே உள்ள நோய், தங்கும் நாள் வரம்பு, இறந்தால் உடலைக் கொண்டுவரும் செலவு ஆகிய நான்கையும் கையெழுத்துக்கு முன் படியுங்கள். கடைசியாகச் சொன்னதைப் பேச யாருக்கும் மனம் வராது. ஆனாலும் அனுப்பும் சபை பேசித்தான் ஆக வேண்டும்.

சென்னைக்குத் திரும்பிய பிறகு காய்ச்சல் வந்தால்?

மருத்துவர் கேட்பதற்கு முன்பே “நான் ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருக்கிறேன்” என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் டெங்கு, வைரஸ் காய்ச்சல் என்று இரண்டு நாள் போய்விடும். பால்சிபாரம் பெரும்பாலும் திரும்பிய மூன்று மாதத்துக்குள் வரும். வைவாக்ஸும், ஓவாலே என்ற இன்னொரு மலேரியா வகையும் ஈரலில் ஒளிந்திருந்து ஒரு வருடம் கழித்தும் வரலாம். அதை வேரோடு அழிக்கும் பிரைமாகுவின் மாத்திரைக்கு முன் ஜி6பிடி என்ற நொதியின் அளவைப் பார்க்கும் சோதனை அவசியம். அந்த நொதி குறைவாக உள்ளவர்களுக்கு ரத்த அணுக்கள் உடையும்.

மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தில் மலேரியா ரத்தப் பரிசோதனை இலவசம். நிலைமை மோசமானால் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நேரே போங்கள். காய்ச்சல் இல்லாவிட்டாலும் வந்த இரண்டு மாதத்துக்குள் ரத்த அணு எண்ணிக்கை, மலம், சிறுநீர் மூன்றையும் பாருங்கள். ஈசினோபில் என்ற வெள்ளை அணு கூடியிருந்தால் புழு இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை. டாக்சிசைக்ளின் எடுத்தவர்கள் வீட்டுக்கு வந்துவிட்ட சந்தோஷத்தில் கடைசி 4 வார மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.